தீர்த்தகிரியின் ஹேண்டில்பார்

திருப்பத்தூரிலிருந்து மலைக்குப் பிரியும் சாலையில் சேட்டு என்பவரின் சைக்கிள் கடை இருந்தது. 1976ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு காலையில் அந்தக் கடை முன்னால் மண்தரையில் மூன்று ஹேண்டில்பார்கள் கிடந்தன. அவற்றுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள் துண்டால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் தீர்த்தகிரி.

"இன்னா கவுண்டரே, பொண்ணா பாக்க வந்த? எதுனா ஒண்ணத் தூக்கு" என்றார் சேட்டு.

சேட்டு விளையாட்டாகச் சொன்னார். ஆனால் தீர்த்தகிரி வந்தது ஒரு பெண்ணுக்காகத்தான். அண்ணன் அழைத்துப் போய்விட்ட தன் மனைவி செல்லியம்மாளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. அந்த சைக்கிளை அவருடைய கைகள் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கைகளுக்குத்தான் விரல்கள் நிமிரவில்லை.

நான் அப்போது தொழுநோய் சிகிச்சைப் பிரிவில் ஊழியன். புதன்கிழமைதோறும் ஜீப்பில் மலைமேல் புதூர்நாட்டுக்குப் போய், ஒரு பலா மரத்தடியில் மேசை போட்டு, மாத்திரை கொடுத்துப் புண் கட்டுவது என் வேலை. தீர்த்தகிரி அங்கே வந்தவர்களில் ஒருவர். புதூர்நாட்டுக்கும் மேலே, இருபது வீடுகள் கொண்ட ஒரு ஊரில் சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைத்த குடும்பம். இளவயதில் படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனபோது வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டவர். மலையில் அப்போது சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். இருபத்தேழாம் வயதில் கல்யாணம். இருபத்தொன்பதில் இடது கைச் சுண்டுவிரல் மடங்கியது. அடுத்து அதன் பக்கத்து விரல். பிறகு வலது கை. வலி கிடையாது. வலி இல்லாததால் ஒரு வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அடுப்பிலிருந்து களிப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தார். தோல் வெந்து தொங்கியது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் செல்லியம்மாள் அலறினாள்.

ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. அவருடைய அப்பன் அம்மன் காட்டில் ஒரு மரத்தை வெட்டினாராம், அந்தச் சாபம். இன்னொருவர் போன பிறவிப் பாவம் என்றார். பாவத்துக்கு விரல் மடங்கும் என்பது உண்மையானால், கீழ்நாட்டில் வழவழப்பான கையோடு மலைச் சனங்களின் புளியைத் தராசில் ஏமாற்றி வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு முதலில் மடங்கியிருக்க வேண்டும். அவர்கள் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மலைச் சனங்களை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. படித்தவர்கள் எழுதிய சட்டப்புத்தகமே தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக வைத்திருந்த நாடு இது. கிருமியால் வருவது, மாத்திரையால் தீர்வது என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சடையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. படிக்காமலேயே அதே தீர்ப்புக்கு வந்திருந்தார்.

மூன்று வருடம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார் தீர்த்தகிரி. தோலைக் கீறி எடுத்துச் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. நோய் போய்விட்டது. மடங்கிய விரல்களும் மரத்த உள்ளங்கைகளும் மட்டும் மிச்சம். அதற்குள் செல்லியம்மாளை அவள் அண்ணன் கோபால்சாமி தன் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தார். பெண்ணுக்காக வாங்கிய பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அவளை வேறு இடத்தில் கொடுக்கலாம்.

"கிருமி இல்லன்னு சார் சீட்டு குடுத்துக்கீறார்" என்று ஊர்க்கூட்டத்தில் தீர்த்தகிரி என் தாளைக் காட்டினார்.

சடையன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சீட்டு ஏர் புடிக்குமா?" என்றார்.

கூட்டம் சிரித்தது.

"ஏரு புடிக்க முடியாதவன் வூட்ல பொண்ணு எப்டிடா இருப்பா? அவ இன்னா துன்றது, சீட்டையா?" என்றார் கோபால்சாமி.

"ஏர் புடிச்சாத்தான் சோறா? சைக்கிள்ல பழம் ஏத்திக் கீழ போறேன். வாரா வாரம் சந்தைக்குப் போறேன். நாலு பேரு தலையில சொமக்கறத நான் ஒருத்தன் கொண்டுபோறேன்" என்றார் தீர்த்தகிரி. அது அந்த நிமிடம் அவர் வாயில் வந்தது. அவரிடம் சைக்கிள் கிடையாது.

சடையன் கெட்டவர் அல்ல. யோசித்தார். தை மாதம் வரை தவணை கொடுத்தார். அதுவரை வாரம் தவறாமல் சந்தைக்குப் போய் வர வேண்டும். தையில் கோபால்சாமியின் ஊரில் கூட்டம். அங்கே கையைக் காட்ட வேண்டும். உழைத்த கையாக இருக்க வேண்டும், நோய்க் கையாக இருக்கக் கூடாது. பிறகு தண்ணீர் வார்ப்பு. பிரிந்த புருசனும் பெண்டாட்டியும் மறுபடி சேர்வதென்றால் அவர்கள் ஊர்களில் அதுதான் வழக்கம்: ஊர்க்கவுண்டர் புருசனின் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றுவார், அது வழிந்து, கீழே குவித்து வைத்திருக்கும் பெண்டாட்டியின் கைக்குள் விழும், அவள் அதைக் குடிப்பாள். அவ்வளவுதான். மந்திரம் இல்லை, ஐயர் இல்லை. அந்த வழக்கத்தின் எளிமை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேட்டுவின் கடைக்கு அவரை அழைத்துப் போனது நான்தான். பிரேக் பிடியை இழுக்க அவருக்கு விரல் வராது என்று கேட்டதும் சேட்டு தலையைச் சொறிந்தார்.

"பிரேக்கே வேணாம் சார். ஃப்ரீவீலக் கழட்டிட்டு ஃபிக்ஸ் வீல் போட்டுடலாம். சக்கரம் சுத்துனா மிதியும் சுத்தும், மிதி நின்னா வண்டி நின்னுடும். காலாலயே ஓட்டலாம், காலாலயே நிறுத்தலாம். ஏழு நாள் எறங்காம சைக்கிள் சுத்துவானுங்களே மைதானத்துல, அவனுங்களுக்குச் செஞ்சு குடுத்துக்கீறேன்."

தீர்த்தகிரியின் கால்களை நோய் தொடவில்லை. மலையேறிய கால்கள், மரக்கட்டை போலிருக்கும். பழைய உதிரிகளைக் கூட்டி ஒரு வண்டி உருவானது. அதற்கு ஈடாக ஒரு கிடா ஆடு சேட்டுவின் வீட்டுக்குப் போனது. மிச்சம் இருந்தது ஹேண்டில்பார்.

முதலாவது எல்லோரும் வைத்திருக்கும் சாதா ஹேண்டில்பார், ஓட்டுகிறவரை நோக்கி வளைந்து வருவது. அதில் முதுகு நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் தீர்த்தகிரியின் விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்கவில்லை. கட்டைவிரலுக்கு வலு இல்லை. கடைக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தார். ஒரு சின்னப் பள்ளத்தில் வலது கை நழுவி வண்டி சாக்கடைக்குப் போனது.

இரண்டாவது உயரமாக எழும்பிய கொம்பு ஹேண்டில்பார். டவுன் இளவட்டங்கள் ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்வது. அதில் கை தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு மூட்டை சாமையை வைத்ததும் முன்சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடியது.

மூன்றாவது ரேஸ் ஹேண்டில்பார். ஏழு நாள் சைக்கிள் சுற்ற வந்த ஒருவர் கடையில் போட்டுவிட்டுப் போனது. முன்னால் போய், கீழே இறங்கி, கொக்கி போல உள்பக்கம் திரும்பும் கம்பி. தீர்த்தகிரி துண்டை விலக்கி இரண்டு கைகளையும் அந்த வளைவுக்குள் விட்டார். மடங்கிய விரல்கள் கம்பியின் வளைவில் அப்படியே போய் உட்கார்ந்தன. சேட்டு வண்டியைப் பிடித்து உலுக்கினார். கை நழுவவில்லை. இன்னும் பலமாக உலுக்கினார். நழுவவில்லை.

"சார், பாத்தீங்களா? எங் கைய வெச்சு அளவெடுத்த மாதிரி கீது" என்று தீர்த்தகிரி சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சேட்டுவுக்குத்தான் திருப்தி இல்லை. "இதுல குனிஞ்சு ஓட்டணும் கவுண்டரே. ஒடம்பு பாரம் மொத்தம் கையிலதான் எறங்கும். அந்த ஆளு ரெண்டாம் நாளே கை நோவுதுன்னு அழுதான்."

"எனக்குத்தான் நோவாதே" என்றார் தீர்த்தகிரி.

நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உணர்வில்லாத கைக்கு அழுத்தம்தான் எதிரி என்று புதன்கிழமைதோறும் மரத்தடியில் பாடம் நடத்தியவன் நான். சூடான டம்ளரைத் துணியில்லாமல் பிடிக்காதே, கடப்பாரையை இறுக்கிப் பிடிக்காதே என்று எல்லோருக்கும் சொன்னவன். அன்று விரல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தேன். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கவில்லை. படிக்காத சேட்டு பார்த்தார், சொல்லவும் செய்தார்.

ஆனி ஆடியில் பலாப்பழம், புரட்டாசியில் சீத்தாப்பழம், கார்த்திகையில் சாமை. வாரம் தவறாமல் அடிவாரச் சந்தைக்கு இறங்கினார் தீர்த்தகிரி. கொண்டை ஊசி வளைவுகளில் காலால் மட்டும் வண்டியை அடக்க முடியாது. பச்சைக் கிளை ஒன்றை வெட்டிப் பின்னால் கட்டி, அது தரையில் தேய்ந்து இழுக்க, புழுதி பறக்க இறங்குவார். ஏறும்போது முன்கையை வளைவில் கோத்துத் தள்ளிக்கொண்டு வருவார். ஜீப் டிரைவர் தேவராஜ் அவரைக் கடக்கும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, "கவுண்டரே, தோட்டத்தையே இழுத்துகினு எங்க போற?" என்று கத்துவார்.

"உன் ஜீப்புக்குத் தழை போடத்தான்!" என்று பதில் வரும்.

சந்தையில் மட்டும் அவர் வேறு ஆள். கையைப் பார்த்தால் பழத்தை யாரும் தொட மாட்டார்கள். அதனால் இறங்கும் முன்பே விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றிக்கொள்வார். யாராவது கேட்டால் கம்பி கிழித்துவிட்டது என்பார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவிழ்ப்பார். அப்போது இருட்டியிருக்கும்.

கோபால்சாமியின் ஊருக்குப் பிரியும் வழியில் ஒரு சுனை உண்டு. ஐப்பசியில் ஒரு சந்தை நாள் செல்லியம்மாள் குடத்தோடு அங்கே நின்றாள். தற்செயலாக நின்றதாகத்தான் அவள் சொன்னாள். இதை எனக்குத் தீர்த்தகிரி மூன்று தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாமல்.

"இன்னா இது, கெடா கொம்பக் கவுத்து வெச்ச மாதிரி?" என்று ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தாளாம்.

"முட்டாது. தொடு."

"இத்தப் புடிச்சுகினா அம்மாந்தூரம் போற?"

"உன்னையும் ஏத்திகினு போவேன். ஒக்காரு."

"ஐய, எங்கண்ணன் பாத்தா காலை ஒடிச்சுடும்."

"யாரு காலை?"

"ரெண்டு பேரு காலையும்தான். அப்புறம் இந்தச் சைக்கிள யாரு மிதிக்கறது?"

அவள் உட்காரவில்லை. ஆனால் அவருடைய கையை இழுத்து, துணியை அவிழ்த்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். விரல்களின் அடியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டில், தடித்துக் காய்த்துப் போயிருந்தது.

"எங்கண்ணன் கையிகூட இப்டி காய்க்கலியே" என்றாளாம்.

அடுத்த புதன்கிழமை தீர்த்தகிரி வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்கு வந்தார். "பாருங்க சார்!" என்று இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தார். விரிந்த வரைக்கும் விரித்தார். "ஏர் புடிச்ச கையி மாதிரி ஆயிடுச்சு. தையில இத்தக் காட்டுனா போதும். சடையன் வாயத் தெறக்க முடியாது."

அந்த மலையில் ஆண்பிள்ளையின் உள்ளங்கைக் காய்ப்பு சும்மா இல்லை. பெண் கேட்டு வருகிறவனின் கையைப் பெண்ணின் தாய்மாமன் தடவிப் பார்ப்பார். காய்ப்பு இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஏர் போன பிறகு தீர்த்தகிரியின் கை வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது; அது அவருக்கு மடங்கிய விரல்களைவிடப் பெரிய அவமானம். இப்போது காய்ப்பு திரும்ப வந்திருந்தது.

எனக்குத் தெரியும், உணர்வில்லாத கையில் காய்ப்பு என்பது எச்சரிக்கை. அடியில் சதை நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தடித்த தோல் ஒரு நாள் வெடிக்கும். தினமும் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

"இதை ஊறவெச்சுத் தேச்சு எடுத்துடுங்க. இருக்கக் கூடாது" என்றேன்.

அவர் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எடுத்துட்டா தையில எத்தக் காட்டறது சார்?"

"வெடிச்சா புண்ணாயிடும்."

"தை வரைக்கும் தாங்கட்டும். அப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறேன். நீங்க குடுத்த சீட்டத்தான் அவங்க பாக்கலியே. இத்தயாவது பாக்கட்டும்."

வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தவில்லை. மூன்று வருடம் மாத்திரையைத் தவிர எதையும் என்னிடம் கேட்காத ஒரு மனிதர், முதல் தடவையாக ஒரு சந்தோசத்தைக் காட்ட வந்திருந்தார். நான் எண்ணெய் கொடுத்தேன், தடவிக்கொள்ளச் சொன்னேன். காய்ப்புக்கு இல்லாமல் கெஞ்சலுக்கு மருந்து கொடுத்த மாதிரி ஒரு காரியம் அது.

தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கூட்டம். மனைவியை அழைக்கப் போகிறவர் கீழ்நாட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் இரண்டு மூட்டை சாமையை ஏற்றிக்கொண்டு இறங்கினார். கரும்பச்சைச் சேலை ஒன்று வாங்கினார். சந்தைக்காகக் கையில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே விடிகாலையில் ஏறத் தொடங்கினார். புதூர்நாட்டிலிருந்து கோபால்சாமியின் ஊருக்கு மூன்று மைல், கல்லும் குழியுமான இறக்கம். நடந்து இறங்கியிருக்கலாம். நானும் அந்த வழியில்தான் நடந்து போனேன். ஆனால் ஊரே கூடி நிற்கும்போது சைக்கிளில் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. யாருக்குத்தான் இருக்காது? மூன்று மைலும் மிதியை எதிர்த்து அழுத்தி, உடம்பின் பாரத்தையெல்லாம் இரண்டு உள்ளங்கைகளில் தாங்கி, கல்லுக்குக் கல் குதித்து இறங்கினார்.

கோயில் முன்னால் ஐம்பது அறுபது பேர். அவர் மிதியை அடக்கி வண்டியைச் சரியாகச் சடையனின் காலடியில் நிறுத்தினார். கைதட்டாத குறை. "அட, நெஜமாவே ஓட்றான்யா!" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. கோபால்சாமிகூட வண்டியைச் சுற்றி வந்து, பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்து, "பிரேக்கு எங்கடா?" என்றார்.

"காலுதான் மாமா பிரேக்கு."

"நல்ல காலுடா" என்றார் கோபால்சாமி. அவர் முகம் இளகியிருந்தது. அந்த நிமிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

செல்லியம்மாளை அழைத்து வந்தார்கள். அவள் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் குவித்துக் கீழே வைத்துக்கொண்டாள். சடையன் பித்தளைச் சொம்பை எடுத்தார். "துணிய அவுருடா, கையக் காட்டு" என்றார்.

தீர்த்தகிரி வலது கைத் துணியை அவிழ்த்தார். சுற்றுக்குச் சுற்று அவிழ்த்தார். அவர் கையைப் பார்க்கவில்லை. செல்லியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வலித்திருந்தால் குனிந்து பார்த்திருப்பார். கடைசிச் சுற்று தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். அதுவும் தெரியவில்லை. பெருமையோடு கையை நீட்டினார், காய்ப்பு மேலே தெரியும்படி.

காய்ப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது.

சைக்கிளைப் பார்த்ததே போதும் என்றிருந்த சடையனும் பார்க்கவில்லை. அவர் கண் சொம்பின் வாயில் இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டார். அது தீர்த்தகிரியின் உள்ளங்கையில் ஒரு நொடி நின்று, நிறம் மாறி, சிவப்பாக வழிந்து செல்லியம்மாளின் குவித்த கைக்குள் விழுந்தது.

அவள் கையை உதறினாள். எழுந்து பின்னால் நகர்ந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், தோல் உரிந்துவிடும் போலத் துடைத்தாள்.

"நோவு திரும்பிடுச்சு!" என்று கூட்டத்தில் ஒரு குரல். அதற்குப் பிறகு எல்லாக் குரலும் அதுதான்.

அப்போதுதான் தீர்த்தகிரி குனிந்து தன் கையைப் பார்த்தார்.

நான் கத்தினேன். இது நோயில்லை, கம்பி அழுத்திய புண், யார் கையில் அழுத்தினாலும் கிழியும், இதிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று கத்தினேன். அந்த ரத்தத்தை என் கையில் எடுத்துப் பூசிக் காட்டினேன். கோபால்சாமி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க சார். நீங்க பூசிக்குவீங்க. எந்தங்கச்சிக்கு யாரு குடுப்பாங்க?" என்றார்.

சடையன் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். கூட்டம் முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

தீர்த்தகிரி சண்டை போடவில்லை. புதுச்சேலையை மடித்துச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டப் பார்த்தார். கயிறு முடிச்சு விழவில்லை. நான் கட்டினேன்.

மறுநாளே அவரைக் கீழே அழைத்துப் போனேன். சேட்டு அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்து ரேஸ் ஹேண்டில்பாரைக் கழற்றினார். சாதா ஹேண்டில்பாரை மாட்டி, இரண்டு முனைகளிலும் பழைய டியூபை வெட்டி, பஞ்சு வைத்துத் தைத்து, மணிக்கட்டு நுழையும் அளவுக்கு இரண்டு வளையங்கள் செய்தார். கை நழுவாது; நிமிர்ந்து உட்காரலாம்; உள்ளங்கையில் பாரம் இறங்காது. அரை மணி நேர வேலை. ஆனி மாதம் அந்த அரை மணி நேரத்தை நாங்கள் யோசிக்கவில்லை.

"அன்னிக்கே இன்னும் ஒரு தபா சொல்லியிருக்கணும் சார்" என்றார் சேட்டு. "படிச்சவரு நீங்க கூட இருக்கீங்களேன்னு உட்டுட்டேன்."

கைக்கு ஓய்வு கொடுத்து, தினமும் கழுவிக் கட்டியதில் இருபத்தைந்து நாளில் புண் மூடியது. வெறும் புண். எந்தக் கூலிக்காரனுக்கும் வந்து போகிற புண். நோய் திரும்பியிருந்தால் அது இப்படி மூடியிருக்குமா? உலகத்துக்கே காட்டலாம் போல ஆத்திரம் எனக்கு. அவரை இழுத்துக்கொண்டு சடையன் வீட்டுக்குப் போனேன்.

சடையன் தீர்த்தகிரியின் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத் தோல் மூடியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தயங்காமல் தொட்டார் என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

"மெய்தான் சார். ஆறிப்போச்சி" என்றார். கொஞ்ச நேரம் கையை விடவில்லை. "ஆனா அந்தப் பொண்ணக் குடுத்துட்டாங்களே. போன வெள்ளிக்கெழம."

தீர்த்தகிரி கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். "எந்த ஊருல?"

சடையன் ஒரு ஊரைச் சொன்னார். தெற்கே, மலையின் மறுபக்கம்.

"ஆளு நல்லவனா?"

"ஏரு ரெண்டு ஜோடி வெச்சிருக்கான்" என்றார் சடையன்.

சரி என்று தலையாட்டினார் தீர்த்தகிரி. வெளியே வந்து சைக்கிளை நகர்த்தினார். நான் கூடவே நடந்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. சாபத்தைப் பற்றி, ஊர்க்கூட்டத்தைப் பற்றி, கேட்காமலே ஒரு பெண்ணை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மாற்றிவிடும் நியாயத்தைப் பற்றி. இருபத்தைந்து நாளில் அவளை ஒருவர்கூட என்ன வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நான் புண்ணைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

சுனைக்குப் பிரியும் வழி வந்தபோது அவர் நின்றார்.

"சார், அன்னிக்கு அந்தத் தண்ணி அவ கையில பட்டுச்சே."

"ஆமா."

"அவளுக்கு ஒண்ணியும் ஆவாதே?"

கூட்டத்தில் அறுபது பேர் நம்பியதைவிட இது என்னை அடித்தது. மூன்று வருடம் என் பேச்சைக் கேட்டவர், என் சீட்டை மடித்து இடுப்பில் செருகி ஊர் முன்னால் நீட்டியவர், சேட்டு கடையில் என்னோடு சேர்ந்து சிரித்தவர். அவரும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆகாது. ஒங்க ஒடம்புல கிருமியே இல்ல. எங்கேர்ந்து போகும்?"

"இல்ல, ரத்தமாச்சே."

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல, தீர்த்தகிரி."

"அவ நல்லா இருப்பாளே?"

"இருப்பாங்க."

அவர் அதைக் கேட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மணிக்கட்டுகளை வளையங்களுக்குள் விட்டு, முதுகு நிமிர்ந்து, மெதுவாக மிதித்துப் போனார்.

1984இல் மாற்றலாகி நான் அந்த மலையை விட்டு இறங்கும் வரை, ஏழு வருடம், அவர் வாரம் தவறாமல் சந்தைக்குப் போனார். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதன்கிழமை மரத்தடிக்கு வருவார். மாத்திரை நிறுத்திய பிறகும் வந்தார். வரிசையில் கடைசியாக நிற்பார். எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து, கையைக் காட்டாமல், குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"தெற்கப் பக்கத்துலேர்ந்து யாராச்சும் புதுசா வந்தாங்களா சார்? பொம்பளைங்க யாராச்சும்?"

"இல்ல" என்பேன்.

"நோட்டப் பாத்துச் சொல்லுங்க."

புது நோயாளிகளைப் பதியும் நோட்டை எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக அவருக்கு முன்னால் விரல் வைத்துப் படிப்பேன். அவள் பெயர் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.